கடல்நீரும் மோலாலிட்டியும்

நுழையும்முன்

2019ஆம் ஆண்டின் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் குடங்கள் தண்ணீர் லாரிக்காக வரிசையில் காத்திருந்தன. அதே நாள்களில், பெசன்ட் நகர்க் கடற்கரையில் நின்றவரின் கண்ணெட்டும் தொலைவு வரை நீரே இருந்தது. குடிப்பதற்கு மட்டும் அதில் ஒரு வாய் இல்லை. அந்தக் கடலுக்கும் இந்தக் குடத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஓர் எண்ணால் சொல்ல இயலுமா? இயலும். அந்த எண்ணைக் கணக்கிடும் முறையே இப்பாடம்.

உப்பை நீக்குவதா, நீரைப் பிரிப்பதா?

சென்னையின் வடக்கே, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டிலும், தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலியில் 2013ஆம் ஆண்டிலும், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலைகள் தொடங்கப்பெற்றன. நெம்மேலியில் நாளொன்றுக்குப் பதினைந்து கோடி லிட்டர் தரும் இரண்டாம் ஆலை 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தென்சென்னையில் குழாய்வழி வரும் நீரில் ஒரு பங்கு இன்று கடலிலிருந்து வருகிறது.

இவற்றைக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் என்கிறோம். உப்பு நீக்கும் ஆலைகள் என்றும் சொல்கிறோம். பின்னதைச் சற்று உற்றுநோக்குக. ஆலையில் உள்ள மெல்லிய சவ்வு, நீர் மூலக்கூறுகளைத் தன்வழியே செல்லவிடுகிறது; உப்பின் அயனிகளைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே இடம்பெயர்வது நீர். இருந்த இடத்திலேயே இருப்பது உப்பு. பேச்சுவழக்கில் உப்பை நீக்குகிறோம் என்று சொன்னாலும், ஆலைக்குள் நிகழ்வது உப்பிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் செயலே.

நீர் வெளியேற வெளியேற, எஞ்சிய கரைசலில் உப்பின் அளவு மாறுவதில்லை. நீரின் அளவு மட்டும் குறைகிறது. இத்தகைய நிகழ்வைக் கணக்கிட, ‘இவ்வளவு நீருக்கு இவ்வளவு உப்பு’ என்று நீரை அடிப்படையாகக் கொண்ட அளவீடு ஒன்று வேண்டும். அதுவே மோலாலிட்டி.

வரையறையும் முதற் கணக்கும்

ஒரு கிலோகிராம் கரைப்பானில் கரைந்துள்ள கரைபொருளின் மோல்களின் எண்ணிக்கை, அக்கரைசலின் மோலாலிட்டி எனப்படும். இதன் அலகு மோல்/கிலோகிராம்.

மோலாலிட்டி = கரைபொருளின் மோல்களின் எண்ணிக்கை ÷ கரைப்பானின் நிறை (கிலோகிராமில்)

மோல்களின் எண்ணிக்கையை அறியக் கரைபொருளின் நிறையை அதன் மோலார் நிறையால் வகுக்க வேண்டும் என்பதை முன்னரே கற்றுள்ளீர்கள். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5 கிராம்/மோல். எனவே 5.85 கிராம் சமையல் உப்பு 0.1 மோல் ஆகும். அதனை ஒரு கிலோகிராம் நீரில் கரைத்தால் கிடைப்பது 0.1 மோலால் கரைசல்.

இனிக் கடலுக்கு வருவோம். பள்ளி ஆய்வகத்திலேயே செய்யத்தக்க சோதனை இது. பீங்கான் கிண்ணம் ஒன்றை வெறுமையாக எடையிடுக. அதில் வடிகட்டிய கடல்நீரில் 100 கிராமை எடுத்து, மெல்லிய வெப்பத்தில் நீர் முழுவதும் ஆவியாகும்வரை சூடாக்குக. இறுதியில் உப்பு வெடித்துச் சிதறும். அப்போது கிண்ணத்தை மூடுவதும், கண்ணாடி அணிவதும், ஆசிரியர் உடனிருப்பதும் கட்டாயம். ஆறியபின் மீண்டும் எடையிட்டால், உலகப் பெருங்கடல்களின் சராசரியை ஒத்த நீராயின், ஏறத்தாழ 3.5 கிராம் எஞ்சியிருக்கும். வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா எனப் பேராறுகள் பல கலப்பதால், அதன் மேற்பரப்பு நீர் அச்சராசரியைவிடப் பெரும்பாலும் சற்று உவர்ப்புக் குறைந்தே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் இன்னும் குறையும். கணக்கின் எளிமை கருதி நாம் 3.5 கிராமையே கொள்வோம். கடலுப்பில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகளும் உண்டு. ஆயினும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே ஆதலின், முழுவதையும் அதுவாகவே கருதுவோம்.

எடுத்துக்காட்டு 1. ஒரு கிலோகிராம் கடல்நீரில் 35 கிராம் உப்பு உள்ளது. மோலாலிட்டியைக் காண்க.

உப்பின் மோல்கள் = 35 ÷ 58.5 = 0.598 மோல்
நீரின் நிறை = 1000 − 35 = 965 கிராம் = 0.965 கிலோகிராம்
மோலாலிட்டி = 0.598 ÷ 0.965 = 0.620 மோல்/கிலோகிராம்

இக்கணக்கின் உயிர் இரண்டாம் வரியில் உள்ளது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஆண்டுதோறும் காணும் பிழை, 965க்கு மாறாக 1000ஆல் வகுத்து 0.598 என்று விடை எழுதுவதே. ஒரு கிலோகிராம் என்று வினாவில் இருப்பது கரைசலின் நிறை. வரையறை கேட்பதோ கரைப்பானின் நிறை. தமிழில் ‘ஒரு கிலோகிராம் நீரில் கரைந்துள்ளது’ என்பதற்கும் ‘ஒரு கிலோகிராம் கரைசலில் கரைந்துள்ளது’ என்பதற்கும் வேற்றுமை உருபு ஒன்றே. அது ஏறி நிற்கும் பெயர்ச்சொல்தான் வேறு. வினாவைப் படிக்கும்போது ‘இல்’ உருபுக்கு முன் நிற்கும் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளும் பழக்கம் பல மதிப்பெண்களைக் காக்கும். ‘கடல்நீரில்’ என்ற சொல்லில் ‘நீர்’ ஒளிந்திருந்தாலும் அது கரைசலையே குறிக்கும் என்பதையும் நோக்குக.

லிட்டர் இருக்கக் கிலோகிராம் எதற்கு?

மோலாரிட்டியை நீங்கள் அறிவீர்கள். ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல்களின் எண்ணிக்கை அது. பியூரெட்டில் கன அளவைப் படிப்பது எடையிடுவதைவிட எளிது. எனவே தரம்பார்த்தல் சோதனைகளில் மோலாரிட்டியே வழக்கில் உள்ளது. அது முறையும் ஆகும். அவ்வாறிருக்க, இன்னோர் அளவீட்டுக்கு என்ன தேவை?

சென்னையில் மார்கழி விடியலில் வெப்பநிலை 20° செல்சியஸ் அளவில் இருக்கும். கத்திரி வெயிலில் 40°ஐத் தாண்டும். ஒரு லிட்டர் தூய நீரின் நிறை 20°இல் 998 கிராம். 40°இல் 992 கிராம். அதாவது, நீர் வெப்பத்தால் விரிவடைகிறது. மார்கழியில் சரியாக 1.000 மோலார் எனத் தயாரித்து மூடிவைத்த நீர்த்த கரைசல் ஒன்று, சித்திரை வெயிலில் ஏறத்தாழ 0.994 மோலார் ஆகிவிடும். உள்ளே ஒரு துகள் உப்பும் குறையவில்லை. ஒரு துளி நீரும் வெளியேறவில்லை. ஆயினும் எண் மாறிவிட்டது. வகுக்கும் அளவு கன அளவாக இருப்பதே காரணம்.

நிறை வெப்பநிலையால் மாறுவதில்லை. ஆகவே மார்கழியில் 1.000 மோலால் ஆன கரைசல், மூடி திறவாதவரை, சித்திரையிலும் 1.000 மோலாலே. திட்டக் குடுவையின் கழுத்தில் ஒரு வெப்பநிலை குறிக்கப்பட்டிருப்பதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த வெப்பநிலையில்தான் குடுவையின் கோடு உண்மையைச் சொல்லும் என்பது அதன் பொருள். தராசுக்கு அத்தகைய குறிப்பு வேண்டியதில்லை.

இரண்டு அளவீடுகளும் எப்போதும் பெரிதும் வேறுபடும் என்று எண்ணிவிட வேண்டா. கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்கும்போது கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பகுதிகளில் கிணற்று நீர் கரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். வீட்டுக்குச் சுத்திகரிப்புக் கருவி பொருத்த வருபவர் ‘டீடிஎஸ்’ மீட்டரை நீரில் நனைத்துச் சொல்லும் எண் இதுவே. 2000 மில்லிகிராமும் உப்பே எனக் கொண்டால், 2 ÷ 58.5 = 0.034 மோல். இத்துணை நீர்த்த கரைசலில் ஒரு லிட்டர் கரைசலும் ஒரு கிலோகிராம் நீரும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே மோலாரிட்டியும் மோலாலிட்டியும் 0.034தான். இதனோடு ஒப்பிட, கடல்நீரின் 0.620 பதினெட்டு மடங்கு ஆகும். நுழையும்முன் பகுதியில் கேட்ட வினாவின் விடை இந்தப் பதினெட்டில் இருக்கிறது.

செறிவு மிகுந்த கரைசல்களில் நிலைமை வேறு. ஆய்வகத்தில் உள்ள அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டு 2. புட்டியில் ‘நிறை சதவீதம் 37, அடர்த்தி 1.19 கிராம்/மி.லி.’ என்று உள்ளது. மோலார் நிறை 36.5. இரு செறிவுகளையும் காண்க.

100 கிராம் கரைசலை எடுத்துக்கொள்வோம். அதில் அமிலம் 37 கிராம். நீர் 63 கிராம்.
அமிலத்தின் மோல்கள் = 37 ÷ 36.5 = 1.014
மோலாலிட்டி = 1.014 ÷ 0.063 = 16.1 மோல்/கிலோகிராம்

மோலாரிட்டிக்குக் கரைசலின் கன அளவு வேண்டும். 100 ÷ 1.19 = 84.0 மி.லி. = 0.0840 லிட்டர்.
மோலாரிட்டி = 1.014 ÷ 0.0840 = 12.1 மோல்/லிட்டர்

ஒரே புட்டி, ஒரே அமிலம், 16.1, 12.1 என இரு எண்கள். மோலாலிட்டியைக் காண அடர்த்தி தேவைப்படவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அடர்த்தி தரப்பட்டிருக்கிறது என்பதற்காக அதனை எங்கேனும் நுழைத்துவிடும் மாணவர் உண்டு. நிறை சதவீதம் கையில் இருந்தால் மோலாலிட்டிக்கு அதுவே போதும். ஒரு லிட்டரை எடுத்துக்கொள்வதா, நூறு கிராமை எடுத்துக்கொள்வதா என்று கணக்கின் தொடக்கத்தில் முடிவுசெய்வதே பாதி வேலை. இதற்கென ஒரு நீண்ட வாய்பாட்டை மனனம் செய்வோரும் உளர். அதனைவிட, கரைப்பான் எத்தனை கிராம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நன்று.

நெம்மேலிக்குத் திரும்புதல்

தூய நீரும் உப்புக்கரைசலும் ஒரு சவ்வின் இரு பக்கங்களில் இருந்தால், நீர் தூய பக்கத்திலிருந்து கரைசலை நோக்கித் தானாகவே செல்லும். இதுவே சவ்வூடுபரவல். இதனைத் தடுத்து நிறுத்தக் கரைசலின் மீது செலுத்த வேண்டிய அழுத்தம், சவ்வூடுபரவல் அழுத்தம். அதனினும் மிகுதியாக அழுத்தினால் நீர் எதிர்த்திசையில், கரைசலிலிருந்து தூய பக்கத்துக்குச் செல்லும். இந்த எதிர்ச் சவ்வூடுபரவலைத் தொழிலளவில் இயலச் செய்த செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வினை, 1960ஆம் ஆண்டை ஒட்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவாக்கிய இருவர் சிட்னி லோப், இந்தியரான சௌரிராஜன் ஆகியோர். இன்று வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் ‘ஆர்ஓ’ கருவி வரை அந்த வழியில் வந்தவையே.

எவ்வளவு அழுத்த வேண்டும்? சவ்வூடுபரவல் அழுத்தத்துக்கு வாண்ட் ஹாஃப் தந்த சமன்பாட்டில் செறிவு மோலாரிட்டியாக அமையும். சர்க்கரைக் கரைசல்களை அளந்த மோர்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலர், செறிவு கூடும்போது மோலாரிட்டியின் இடத்தில் மோலாலிட்டியை இட்டால் விடை சோதனையோடு இன்னும் நன்கு பொருந்துவதைக் கண்டார். நாமும் அவ்வாறே செய்வோம். உப்பின் ஒவ்வோர் அலகும் சோடியம், குளோரைடு என இரு அயனிகளாகப் பிரிவதால் வாண்ட் ஹாஃப் காரணி 2. வாயு மாறிலி 0.0821. வெப்பநிலை 30° செல்சியஸ், அதாவது 303 கெல்வின்.

சவ்வூடுபரவல் அழுத்தம் = 2 × 0.620 × 0.0821 × 303 = 30.8 வளிமண்டல அழுத்தம்

ஏறத்தாழ 320 மீட்டர் உயர நீர்த்தம்பம் தன் அடியில் தரும் அழுத்தம் இது. கடலுப்பு முழுவதும் சோடியம் குளோரைடு அன்று. அயனிகளும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஆதலின் உண்மை மதிப்பு இதனினும் சற்றுக் குறைவே. அப்படியாயின் 31 வளிமண்டலத்தைச் சற்றே தாண்டி அழுத்தினால் போதுமா? போதாது. நீர் வெளியேறத் தொடங்கியதும் எஞ்சிய கரைசலின் செறிவு ஏறுகிறது.

எடுத்துக்காட்டு 3. ஒரு கிலோகிராம் கடல்நீரிலிருந்து 400 கிராம் தூய நீர் சவ்வின் வழியே பிரிக்கப்படுகிறது. எஞ்சிய உவர்நீரின் மோலாலிட்டியையும் அதன் சவ்வூடுபரவல் அழுத்தத்தையும் காண்க.

உப்பு: மாற்றமில்லை, 0.598 மோல்
எஞ்சிய நீர் = 965 − 400 = 565 கிராம் = 0.565 கிலோகிராம்
மோலாலிட்டி = 0.598 ÷ 0.565 = 1.058 மோல்/கிலோகிராம்
சவ்வூடுபரவல் அழுத்தம் = 2 × 1.058 × 0.0821 × 303 = 52.6 வளிமண்டல அழுத்தம்

இப்போது விளங்கும், கடல்நீர் ஆலைகளின் எக்கிகள் பொதுவாக 55 முதல் 70 வளிமண்டலம் வரையில் ஏன் இயங்குகின்றன என்பது. உள்ளே வரும் கடல்நீரின் செறிவைவிட, வெளியேறும் உவர்நீரின் செறிவே எக்கியின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் குடிநீருக்கு ஆகும் மின்செலவின் பெரும்பகுதி இந்த அழுத்தத்துக்கே போகிறது. ஏரிநீரைவிடக் கடல்வழிக் குடிநீர் விலை கூடியது என்பதன் வேதியியல் காரணம் இதுவே. இன்னும் ஐம்பது கிராம் நீரைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

கணக்கு எத்துணை எளிதாக முடிந்தது என்பதையும் நோக்குக. மோலாரிட்டியில் இதனைச் செய்ய முற்பட்டால், எஞ்சிய உவர்நீரின் அடர்த்தியை முதலில் அளந்தாக வேண்டும். இங்கோ ஒரு கழித்தல் போதுமானதாயிற்று.

வெளியேறும் உவர்நீர் மீண்டும் கடலுக்கே அனுப்பப்படுகிறது. கடலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான செறிவுடைய அந்நீர், அடர்த்தி மிகுதியால் அடியில் தங்க முற்படும். அது விரைந்து கலந்து நீர்த்துப்போகுமாறு வெளியேற்றும் குழாயை அமைப்பது பொறியாளரின் கடமை; மீன்வளத்தை நம்பிய கடற்கரைக் குப்பங்கள் அருகிலேயே உள்ளன.

குல்பி வண்டியின் உறைகலவை

மோலாலிட்டி இன்றியமையாத இன்னோர் இடம் உறைநிலைத் தாழ்வு. தூய நீர் 0° செல்சியஸில் உறையும்; ஒரு பொருள் கரைந்திருந்தால் அதற்கும் கீழே சென்றே உறையும். நீர்த்த கரைசலில் இத்தாழ்வு மோலாலிட்டிக்கு நேர்விகிதத்தில் அமையும். நீருக்கான மோலால் உறைநிலைத் தாழ்வு மாறிலி 1.86 கெல்வின் கிலோகிராம்/மோல். அதன் அலகிலேயே கிலோகிராம் கரைப்பான் இருப்பதைக் காண்க. வெப்பநிலையே மாறிக்கொண்டிருக்கும் ஒரு சோதனையில், வெப்பநிலையால் மாறும் மோலாரிட்டியைப் பயன்படுத்துவது, நீளும் கயிற்றால் நிலம் அளப்பது போலாகும்.

திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், 1842ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பெற்ற ஐஸ் ஹவுஸ். அன்று பனிக்கட்டி கடல்கடந்து வந்த அரும்பொருள். இன்று தியாகராய நகரில் இரவில் மணியடித்து வரும் குல்பி வண்டியின் பானையில், உடைத்த பனிக்கட்டியோடு கல்லுப்பைக் கலந்து வைத்திருப்பார்கள். பனிக்கட்டி மட்டும் இருந்தால் பானை 0°க்குக் கீழே செல்லாது. பாலும் சர்க்கரையும் கலந்த குல்பியோ அந்த வெப்பநிலையில் உறையாது. உப்பு சேர்ந்ததும் கலவை வெகுவாகக் குளிர்கிறது. உப்பும் நீரும் சேர்ந்து அடையத்தக்க மிகக் குறைந்த உறைநிலை −21.1° செல்சியஸ், அப்போது கரைசலில் உப்பின் நிறை சதவீதம் 23.3.

எடுத்துக்காட்டு 4. இக்கரைசலின் மோலாலிட்டியைக் கண்டு, உறைநிலைத் தாழ்வைக் கணக்கிடுக.

உப்பின் மோல்கள் = 23.3 ÷ 58.5 = 0.398
நீர் = 76.7 கிராம் = 0.0767 கிலோகிராம்
மோலாலிட்டி = 0.398 ÷ 0.0767 = 5.19 மோல்/கிலோகிராம்
உறைநிலைத் தாழ்வு = 2 × 1.86 × 5.19 = 19.3°

கணக்கு 19.3 என்கிறது, சோதனை 21.1 என்கிறது. கணக்கில் பிழையில்லை. வாய்பாடு நீர்த்த கரைசல்களுக்கு உரியது. ஐந்து மோலாலுக்கு மேற்பட்ட கரைசலில் அயனிகள் தனித்தனியே இயங்குவதில்லை. நீர் மூலக்கூறுகளில் பலவும் அயனிகளைச் சூழ்ந்து கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு வாய்பாடு எந்த எல்லைக்குள் உண்மை என்று அறிந்து பயன்படுத்துவதும் வேதியியல் அறிவின் பகுதியே.

லிட்டரே சிறந்த இடம்

இவ்வளவு சொன்னபின், எங்கும் மோலாலிட்டியே உயர்ந்தது என்று கருதிவிடலாகாது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைக்குத் தரப்படும் உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்துக்கொள்க. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. கரைந்தபின் லிட்டருக்குச் சோடியம் அயனி 75 மில்லிமோல். எல்லாத் துகள்களும் சேர்ந்து 245 மில்லிமோல். ஒரு தாயிடம் தராசு இருக்காது. லிட்டர்ப் புட்டி இருக்கும். நீர்த்த கரைசலாதலின் இரு செறிவுகளும் ஏறக்குறைய ஒன்றே. எனவே உறையில் லிட்டர் என்று அச்சிட்டிருப்பதே அறிவுடைமை.

ஆனால் அந்த ஒரு லிட்டர்ப் பொட்டலத்தை 200 மில்லிலிட்டர் டம்ளரில் கரைத்துவிட்டால்? செறிவு ஐந்து மடங்காகும். சோடியம் லிட்டருக்கு 375 மில்லிமோல் ஆகிவிடும். நம் குருதியில் சோடியம் ஏறத்தாழ 135 முதல் 145 வரையே உண்டு. இத்தகைய அடர்கரைசல் குடலுக்குள் நீரை ஊட்டாது. உடலின் நீரைக் குடலை நோக்கி இழுக்கும். நெம்மேலிச் சவ்வில் கண்ட அதே சவ்வூடுபரவல்தான், குழந்தையின் குடற்சுவரில் நேர்மாறான கேட்டை விளைவிக்கிறது. கடையில் 200 மில்லிலிட்டருக்கு உரிய சிறு பொட்டலங்களும் கிடைக்கின்றன; ஆகவே உறையில் அச்சிட்டுள்ள நீரளவைப் படித்த பின்னரே பிரிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் கண்ணாடி தேடிக்கொண்டிருக்கும்போது அதனைப் படித்துச் சொல்ல வேண்டியவர் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் நீங்களே.

தன்மதிப்பீடு

1. 18 கிராம் குளுக்கோஸ் (மோலார் நிறை 180) 250 கிராம் நீரில் கரைக்கப்படுகிறது. மோலாலிட்டி யாது? இதே 18 கிராம், 250 கிராம் கரைசலில் உள்ளது என்று வினா அமைந்தால் விடை எவ்வாறு மாறும்?

2. வீட்டு இன்வெர்ட்டர் மின்கலத்தில் உள்ள கந்தக அமிலத்தின் நிறை சதவீதம் 37; அடர்த்தி 1.28 கிராம்/மி.லி.; மோலார் நிறை 98. மோலாலிட்டியையும் மோலாரிட்டியையும் காண்க. நாளடைவில் மின்கலத்திலிருந்து நீர் மட்டுமே குறைகிறது எனில், குறைந்ததை ஈடுசெய்ய அமிலம் ஊற்றாமல் வாலைவடிநீர் மட்டும் ஊற்றுவது ஏன்?

3. மாவடு போடும்போது ஜாடியில் யாரும் நீர் ஊற்றுவதில்லை. வடுவோடு உப்பைக் குலுக்கி வைத்தாலே சில நாள்களில் உப்புநீர் ஊறிவிடுகிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது? அவ்வுப்புநீரில் 100 கிராமை ஆவியாக்கியபோது 18 கிராம் எஞ்சியது எனவும், அது முழுவதும் சோடியம் குளோரைடு எனவும் கொண்டு மோலாலிட்டியைக் காண்க.

4. எடுத்துக்காட்டு 3இல் 400 கிராமுக்கு மாறாக 450 கிராம் நீர் பிரிக்கப்பட்டால், எஞ்சிய உவர்நீரின் மோலாலிட்டியும் அதன் சவ்வூடுபரவல் அழுத்தமும் எவ்வளவு? 70 வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் எக்கியால் இது இயலுமா?

5. 25° செல்சியஸில் 100 கிராம் நீரில் அதிக அளவாக 36 கிராம் சமையல் உப்பு கரையும். நிறைவுற்ற இக்கரைசலின் மோலாலிட்டி யாது? கடல்நீரை உப்பளப் பாத்தியில் தேக்கினால், ஒவ்வொரு கிலோகிராம் கடல்நீரிலும் எத்தனை கிராம் நீர் எஞ்சியிருக்கும்போது உப்புப் படியத் தொடங்கும்?

விடைகள்: 1. 0.40, 0.43 மோல்/கிலோகிராம். 2. 5.99 மோல்/கிலோகிராம், 4.83 மோல்/லிட்டர். 3. 3.75 மோல்/கிலோகிராம். 4. 1.161 மோல்/கிலோகிராம், 57.8 வளிமண்டல அழுத்தம், இயலும். 5. 6.15 மோல்/கிலோகிராம், ஏறத்தாழ 97 கிராம்.